இந்தியாவில் கஞ்சாச் செடி விதை உணவுகள் தொடர்பான சட்டவிதிகள்

கஞ்சாச் செடி விதை உணவுகள் என்பவை கன்னாபிஸ் சட்டைவா என்னும் செடியின் விதை, அவ்விதையிலிருந்து பிழிந்த எண்ணெய், அரைத்த மாவு ஆகியவற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் உணவுப் பொருட்கள் ஆகும். வணிகத்தில் இவை 'ஹெம்ப்' உணவுகள் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2021 நவம்பர் 15 அன்று வெளியிட்ட அறிவிக்கையின் மூலம் இவ்விதையை உணவாக ஏற்று, அதற்கான வரம்புகளை வகுத்தது. அதே செடியின் பூவும் பிசினும் 1985 ஆம் ஆண்டு முதல் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளன. இதனால் ஒரே செடியின் ஒரு பாகம் மளிகைப் பொருளாகவும், மற்றொரு பாகம் சிறைத்தண்டனைக்கு உரிய பொருளாகவும் அமைந்துள்ளது. இந்த வேறுபாட்டை அறியாமல் இணையத்தில் பொருள் வாங்குவோரும், அதை விற்கும் சிறு கடைக்காரர்களும் சட்டச் சிக்கலுக்கு உள்ளாக வாய்ப்பு உண்டு.

பெயர்க் குழப்பம்

'ஹெம்ப்' என்ற சொல்லுக்குத் தமிழில் நிலையான ஒரே சொல் இல்லை. சில மொழிபெயர்ப்புகளில் இது 'சணல்' என்றும், சிலவற்றில் 'சணப்பு' என்றும் எழுதப்படுகிறது. இவை மூன்றும் வெவ்வேறு தாவரங்கள்.

சணல் என்பது கோணிப்பை நெய்யப் பயன்படும் நார்ப்பயிர். வங்காளத்தில் மிகுதியாக விளைகிறது. சணப்பு என்பது கிலுகிலுப்பை இனத்தைச் சேர்ந்த செடி. காஞ்சிபுரம் போன்ற ஏரிப் பாசன மாவட்டங்களில் நெல் நடவுக்கு முன் தக்கைப்பூண்டைப் போலவே இதனையும் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்குவது வழக்கம். கிலுகிலுப்பை இன விதைகளில் கல்லீரலைத் தாக்கக்கூடிய நச்சுப் பொருட்கள் உள்ளதால் சணப்பு விதை மனித உணவு அன்று. புளிச்சை என்னும் நார்ச்செடியின் இலை வடிவம் கஞ்சா இலையை ஒத்திருந்தாலும் அது வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

எனவே இக்கட்டுரையில் 'ஹெம்ப்' என்பது கஞ்சாச் செடியையே குறிக்கிறது. போதை தரும் வேதிப்பொருள் குறைவாக உள்ள வகைகளைத் தொழில்துறையினர் ஹெம்ப் என்றும், மிகுதியாக உள்ள வகைகளைக் கஞ்சா என்றும் பிரித்து அழைக்கின்றனர். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம்.

செடியின் பாகங்களும் வேதிப்பொருட்களும்

கஞ்சாச் செடியில் காணப்படும் கன்னாபினாய்டு வேதிப்பொருட்களுள் இரண்டு சட்ட விதிகளில் முதன்மை பெறுகின்றன.

முதலாவது டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. இதுவே போதைக்குக் காரணம். இரண்டாவது கன்னாபிடியால், சுருக்கமாக சி.பி.டி. இது போதை தருவதில்லை. ஆயினும் உடலில் மருந்தாகச் செயல்படுகிறது. கன்னாபிடியால் 1940 இல் அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ் குழுவினரால் பிரித்தெடுக்கப்பட்டது. டி.எச்.சி.யின் அமைப்பை இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும் 1964 இல் வெளியிட்டனர்.

இவ்விரு பொருட்களும் பெண் பூங்கொத்தைச் சூழ்ந்துள்ள நுண்ணிய சுரப்பு முடிகளில் உருவாகின்றன. இலைகளில் இவற்றின் அளவு குறைவு. விதைக்குள் இவை ஏறத்தாழ இல்லை எனலாம். ஆனால் விதை பூங்கொத்துக்குள்ளேயே முற்றுவதால், அதன் மேல்தோலில் பிசின் ஒட்டிக்கொள்கிறது. விதையைச் சரியாகத் தூய்மை செய்யாவிட்டால் அந்தப் பிசின் எண்ணெயிலும் மாவிலும் கலந்துவிடும். விதை உணவுக்கும் டி.எச்.சி. வரம்பு விதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் உள்ளது. அந்த வடிவம் போதை தராது. சூடுபடுத்தினால் போதை தரும் வடிவமாக மாறிவிடும். சமையலில் பொருள் சூடாகும் என்பதால், ஆய்வகங்கள் இரண்டு வடிவங்களையும் சேர்த்து 'மொத்த டி.எச்.சி.' என்று கணக்கிடுகின்றன.

உணவு என்ற முறையில் விதை சத்து மிகுந்தது. தோல் நீக்கிய 100 கிராம் விதையில் ஏறத்தாழ 30 கிராம் புரதமும், 50 கிராமுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பும் உள்ளன. உத்தராகண்டின் குமாவோன், கட்வால் மலைப்பகுதிகளில் இவ்விதையை வறுத்து, புளிப்பும் மிளகாயும் சேர்த்துத் துவையலாக அரைத்து உண்பது நெடுநாள் வழக்கம்.

சட்டத்தின் வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கஞ்சா, தடை செய்யப்படாமல் தீர்வை விதித்து ஒழுங்குபடுத்தப்பட்ட பொருளாக இருந்தது. 1893 இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சாப் போதைப்பொருள் ஆணைக்குழு, 1894 இல் தன் அறிக்கையை அளித்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றும், முழுத் தடையைவிடத் தீர்வையும் உரிமமும் பொருத்தமானவை என்றும் அக்குழு கருதியது.

சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937 இல் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. மதுவோடு போதை தரும் பொருட்களையும் தடுப்பது அச்சட்டத்தின் நோக்கம். விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 47 ஆம் உறுப்பு, உடல்நலத்துக்குத் தீங்கான மதுவையும் போதைப்பொருட்களையும் மருத்துவத் தேவை நீங்கலாகத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று கூறியது.

1961 இல் ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை உருவானது. அது கஞ்சாவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோதும், பூங்கொத்துடன் சேராத விதையையும் இலையையும் தன் வரையறையிலிருந்து விலக்கியது. நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிரிடுவதையும் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. இவ்வுடன்படிக்கையின் வழியில்தான் இந்திய நாடாளுமன்றம் 1985 இல் போதைப்பொருள் மற்றும் உளமயக்கப் பொருட்கள் சட்டத்தை இயற்றியது. இது ஆங்கிலச் சுருக்கப்படி என்.டி.பி.எஸ். சட்டம் என்று வழங்குகிறது. 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

2020 டிசம்பர் 2 அன்று ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்ற வாக்கு வேறுபாட்டில் முடிவு செய்தது. இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. எனினும் கஞ்சா முதல் அட்டவணையில் தொடர்கிறது. இம்முடிவால் இந்தியாவின் உள்நாட்டுச் சட்டம் மாறவில்லை.

என்.டி.பி.எஸ். சட்டத்தின் வரையறை

இச்சட்டத்தின் 2 ஆம் பிரிவு 'கன்னாபிஸ்' என்பதற்கு மூன்று பொருட்களைக் குறிப்பிடுகிறது.

1. சரஸ்: செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின். தூய்மை செய்ததாயினும் செய்யாததாயினும் இதில் அடங்கும். செறிவூட்டிய கஞ்சா எண்ணெயும் சரஸ் ஆகவே கொள்ளப்படும்.

2. கஞ்சா: செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனிகளுடன் சேராத விதையும் இலையும் இதில் அடங்கா.

3. மேற்கண்ட இரண்டில் எதனுடனும் கலந்த கலவை, அல்லது அவற்றிலிருந்து தயாரித்த பானம்.

விதை சட்டத்தின் தடைக்கு வெளியே நிற்பது இரண்டாவது வரையறையில் உள்ள விலக்கினால்தான். தமிழ்நாட்டுச் சமையலறையிலேயே இதற்கு ஒப்பான எடுத்துக்காட்டு உண்டு. குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா, அபினிச் செடியின் விதை. அச்செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. அபினிச் செடியின் உலர்ந்த பாகங்களைக் கட்டுப்படுத்தும்போதும் என்.டி.பி.எஸ். சட்டம் விதையை விலக்கியே வரையறுக்கிறது. கசகசாவைப் பலசரக்குக் கடையில் வாங்க முடிவதற்கும், அபினியை வைத்திருப்பது குற்றமாவதற்கும் அதே கோட்பாடுதான் அடிப்படை.

ஆனால் விதை விலக்கப்பட்டிருப்பதால் செடியை வளர்க்கலாம் என்று பொருளாகாது. உரிய அனுமதி இல்லாமல் கஞ்சாச் செடி பயிரிடுவது 8 ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளது. 20 ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரியது. நார், விதை ஆகியவற்றைப் பெறும் தொழில் நோக்கத்துக்காக மட்டும் அரசு ஆணையிட்டுப் பயிரிட அனுமதிக்கலாம் என்று 14 ஆம் பிரிவு கூறுகிறது. இதன் அடிப்படையில் உத்தராகண்ட் மாநிலம் 2018 இல் தொழில்முறை ஹெம்ப் பயிருக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. அங்கு பயிரிடப்படும் செடியில் டி.எச்.சி. அளவு 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

2021 ஆம் ஆண்டின் உணவு விதிகள்

என்.டி.பி.எஸ். சட்டம் விதையைத் தடை செய்யவில்லை என்பதனால் மட்டும் அதை உணவாக விற்றுவிட முடியாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 இன்படி, தரநிலை வகுக்கப்படாத புதிய உணவுப் பொருளை விற்க ஆணையத்தின் முன் ஒப்புதல் தேவை. 2021 ஆம் ஆண்டு அறிவிக்கை விதைக்குத் தரநிலையை வகுத்து இந்த இடைவெளியை நிரப்பியது. அதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

* கஞ்சாச் செடியின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாகவோ உணவின் சேர்மானமாகவோ விற்கலாம்.
* விதையில் மொத்த டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.
* விதையிலிருந்து தயாரிக்கும் பானங்களில் அது கிலோவுக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.
* உணவில் கன்னாபிடியால் கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.
* போதை தரும் என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் சொற்களோ, செடியின் இலைப் படமோ, கன்னாபிடியாலால் உடல்நலப் பயன் கிடைக்கும் என்ற உரிமைகோரலோ உறையில் இடம்பெறக் கூடாது.

பயிருக்கான வரம்பையும் உணவுக்கான வரம்பையும் பலர் ஒன்றெனக் கொள்கின்றனர். 0.3 விழுக்காடு என்பது ஒரு கிலோவில் 3 கிராம், அதாவது 3,000 மில்லிகிராம். விதைக்கான வரம்போ 5 மில்லிகிராம் மட்டுமே. பயிருக்கான வரம்பைவிட இது 600 மடங்கு குறைவு. ஆகவே ஒரு பொருளின் உறையில் 'டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு' என்று மட்டும் எழுதியிருந்தால், அது இந்திய உணவு விதியை நிறைவு செய்ததாகாது.

கன்னாபிடியாலின் நிலை

கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்னும் வரம்பு, விதையோடு இயல்பாக வந்துசேரும் சிறு அளவைப் பொறுத்துக்கொள்வதற்காக உள்ளது. இவ்வரம்புக்கு உட்பட்ட உணவை 30 கிராம் உண்டால் உடலில் சேரும் கன்னாபிடியால் அதிகம் போனால் 2.25 மில்லிகிராம். வெளிநாட்டு இணையக் கடைகளில் விற்கும் ஒரு கன்னாபிடியால் மிட்டாயில் மட்டும் 10 அல்லது 25 மில்லிகிராம் இருப்பது வழக்கம். அத்தகைய மிட்டாய், பிஸ்கட், பானம் எதையும் 2021 ஆம் ஆண்டு விதிகள் உணவாக ஏற்கவில்லை.

கன்னாபிடியால் மருந்தாக ஏற்கப்பட்டுள்ளது. கடுமையான இருவகைக் குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 இல் எபிடியோலெக்ஸ் என்ற கன்னாபிடியால் மருந்தை ஏற்றது. அதன் தொடக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 100 மில்லிகிராம் ஆகும். கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனையுடன் கண்காணித்தே இதைத் தருகின்றனர். ஒரு பொருள் மருந்தாகச் செயல்படும் அளவில் இருக்கும்போது அதை மிட்டாயாக விற்கலாமா என்பதே உலக நாடுகளின் உணவு ஆணையங்கள் எதிர்கொள்ளும் கேள்வி.

இந்தியாவில் இலைச் சாற்றைக் கொண்ட பொருட்கள் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாகத் தயாரிக்கப்படுகின்றன. இவை 1940 ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும். ஆயுர்வேத, சித்த, யுனானி முறைகளில் நச்சுத்தன்மை உள்ளவையாகப் பட்டியலிடப்பட்ட பொருட்களுள் கஞ்சாச் செடியும் ஒன்று. ஆகவே அத்தகைய மருந்தின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். மருந்து உரிமத்தைக் காட்டி அதே பொருளை உணவாக விற்க முடியாது.

பாங்கு

இலையை அரைத்துச் செய்யும் பாங்கு வட இந்தியாவில் ஹோலி, மகா சிவராத்திரி நாட்களில் பாலுடன் கலந்து அருந்தப்படுகிறது. பூங்கொத்து சேராத இலை என்.டி.பி.எஸ். சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வராததால், பாங்கு மாநிலங்களின் ஆயத்தீர்வைச் சட்டங்களின் கீழ் உள்ளது. உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள்ளன. 2022 இல் ஒரு பிணை மனுவை விசாரித்த கர்நாடக உயர் நீதிமன்றம், பாங்கு அச்சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட பானம் எனக் குறிப்பிடப்படவில்லை என்று கூறியது.

தமிழ்நாட்டில் இத்தகைய உரிமக் கடைகள் இல்லை. 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தமிழகக் கோவில்களின் நைவேத்திய மரபிலும் பாங்கு இடம்பெறுவதில்லை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோவில் பிரசாதமான இட்லியின் தனிச்சுவைக்குக் காரணம் மிளகும் சீரகமும் சுக்குமே. வடமாநிலத்தில் உரிமத்துடன் வாங்கிய பாங்கு என்பது தமிழ்நாட்டில் செல்லுபடியாகும் விளக்கம் ஆகாது. உணவு ஆணையத்தின் விதை அறிவிக்கையும் இலைக்குப் பொருந்தாது.

தண்டனைகள்

கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. சரஸில் இவை முறையே 100 கிராம், 1 கிலோ. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறை. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டுச் சிறையும், ஒன்று முதல் இரண்டு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

உணவுப் பொருட்களைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, கலவையின் எடை. 2020 ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, போதைப்பொருளுடன் கலந்த வேறு பொருளின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கஞ்சா கலந்த சாக்லெட், பிஸ்கட் போன்றவற்றில் உள்ள போதைப்பொருள் சிறிதளவே என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது.

மற்றொன்று, அறியாமை. அச்சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். தமக்கு அது தெரியாது என்பதை அவரே ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இணையத்தில் வரவழைத்த மிட்டாயில் என்ன இருந்தது என்று தெரியாது எனக் கூறும் மாணவருக்கும் இது பொருந்தும். உறையில் எழுதியிருப்பதை நம்பினேன் என்பதும் உறுதியான பாதுகாப்பு அன்று. 2017 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு ஒன்று, இணையத்தில் வாங்கிய 84 கன்னாபிடியால் பொருட்களைச் சோதித்தது. அவற்றுள் 26 மட்டுமே உறையில் குறித்த அளவோடு ஒத்திருந்தன. 18 பொருட்களில் டி.எச்.சி. இருந்தது.

கடைக்காரரும் வாங்குபவரும்

காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் ஹெம்ப் விதையோ விதை எண்ணெயோ விற்க விரும்பினால், அவருக்குப் போதைப்பொருள் உரிமம் தேவையில்லை. மற்ற உணவுப் பொருட்களுக்கு உரிய உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ இருக்க வேண்டும். தாம் வாங்கி விற்கும் பொட்டலத்தில் தயாரிப்பாளரின் 14 இலக்க உரிம எண் உள்ளதா, சேர்மானப் பட்டியலில் விதை, விதை எண்ணெய், விதை மாவு தவிர இலைச் சாறோ பூச்சாறோ உள்ளதா, இலைப் படம் அச்சிடப்பட்டுள்ளதா என்பவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. டி.எச்.சி. அளவுக்கான ஆய்வக அறிக்கையைத் தயாரிப்பாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது.

தவறான உறையுடன் விற்றால் மூன்று லட்சம் ரூபாய் வரையும், தவறான விளம்பரம் செய்தால் பத்து லட்சம் ரூபாய் வரையும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் விதிக்கலாம். தயாரிப்பாளர் யாரென அடையாளம் காட்ட முடியாத பொருளை விற்றால் விற்பனையாளரே பொறுப்பாவார். எனினும் உரிய கவனத்துடன் நடந்துகொண்டேன் என்பது அச்சட்டத்தில் ஏற்கப்படும் வாதம். பொட்டலத்தில் இருப்பது பிசின் அல்லது பூ எனத் தெரியவந்தால் வழக்கு என்.டி.பி.எஸ். சட்டத்துக்கு மாறிவிடும், அங்கு மேற்கூறிய 35 ஆம் பிரிவே செயல்படும்.

வாங்குபவருக்கும் ஓர் உரிமை உண்டு. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதனைக்குத் தரலாம். புகார்களை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் அளிக்கலாம்.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தம் பொது உணவு விதித்தொகுப்பில் 2017 நவம்பர் முதல் விதை உணவுகளை ஏற்றன. இந்திய விதிகள் அவற்றைப் பெரிதும் ஒத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 சனவரி முதல் விதைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், விதை எண்ணெய்க்கு 7.5 மில்லிகிராம் என்ற டி.எச்.சி. வரம்பு உள்ளது. கன்னாபிடியாலை அங்கு புதுவகை உணவாகக் கருதுவதால் முன் ஒப்புதல் தேவை. போதிய தரவு இல்லை எனக் கூறி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 சூனில் அதன் மதிப்பீட்டை நிறுத்தி வைத்தது.

பிரித்தானிய உணவுத் தர முகமை, நலமுள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க கன்னாபிடியாலின் அளவை 2020 இல் 70 மில்லிகிராம் என்று கூறியிருந்தது; 2023 அக்டோபரில் அதை 10 மில்லிகிராமாகக் குறைத்தது. அமெரிக்காவில் தோல் நீக்கிய விதை, விதைப் புரதப் பொடி, விதை எண்ணெய் ஆகியவற்றை உணவில் சேர்க்க 2018 டிசம்பரில் தடையில்லை எனக் கூறப்பட்டது. கன்னாபிடியாலை உணவில் சேர்ப்பதற்குத் தற்போதைய விதிகள் பொருந்தா என்று அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 சனவரியில் அறிவித்தது.

சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் அது குற்றமே. தாய்லாந்து 2022 சூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியபின், அங்கு விற்கும் கஞ்சா கலந்த உணவுகள் குறித்துச் சிங்கப்பூர் அதிகாரிகள் பயணிகளை எச்சரித்தனர். இந்தியாவில் தடையின்றிக் கிடைக்கும் கசகசாவையே சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே ஒரு நாட்டில் உணவாக ஏற்கப்பட்ட விதையை மற்றொரு நாட்டுக்கு எடுத்துச் செல்லும் முன் அந்நாட்டு விதியைத் தனியே அறிந்துகொள்வது தேவையாகிறது.